அப்பா பெயரில் ஒலித்த உறுமி

அப்பா என்னை முதன்முதலாக அறைந்தது உறுமியைத் தொட்டதற்காக. எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். ஃபேரர் பார்க் பக்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறை மூலையில் அதைச் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருப்பார். நான் துணியை விலக்கி, தோலை விரலால் ஒரே ஒரு தேய் தேய்த்தேன். அது உறுமியது. குளியலறையிலிருந்து ஈரத் துண்டோடு ஓடி வந்தவர் என்ன ஏது என்று கேட்கவில்லை, விட்டார் ஒன்று. காதுக்குள் கொய்ங் என்றது. "பொம்பளப் புள்ள இதத் தொடக்கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?" என்றார். ஒரு வாட்டிகூடச் சொன்னதில்லை. அதைச் சொன்னேன். அதற்கு இன்னொன்று விழுந்தது.

அப்பா ஓர் உறுமி மேளக் குழுவின் தலைவர். வார நாட்களில் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுவார். வார இறுதியில் கோயில், காவடி, திருவிழா. தைப்பூசம் நெருங்கிவிட்டால் வீட்டில் அவர் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். எங்கள் ப்ளாக்கில் எந்தப் பையன் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுப்பார். எனக்கு அண்ணனோ தம்பியோ கிடையாது. இருந்திருந்தால் நடக்கப் பழகுவதற்கு முன்பே அவன் கையில் குச்சியைத் திணித்திருப்பார். எனக்குக் கிடைத்தது அறைதான்.

ஆனால் மனுஷனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் எச்சில் கையைக்கூடக் கழுவாமல் மேசையில் தட்டிக்கொண்டே இருப்பார். இடது கை தேய்க்கும், வலது கை அடிக்கும். உறுமியும் அப்படித்தான். ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைக்க வேண்டும், மறுபக்கத்தை நேர்க்குச்சியால் அடிக்க வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைவதுபோல் பாவனை செய்துகொண்டு அந்தக் கைகளையே பார்ப்பேன். ராத்திரி தலையணையில் தட்டிப் பார்ப்பேன். "இந்தப் புள்ள ஏன் சாப்பிட இவ்வளவு நேரம் எடுக்குது?" என்று அம்மா திட்டுவார்.

அப்பா கட்டிய தாளக் கொட்டுகளில் ஒன்று அழைப்புக் கொட்டு. சாமியைக் கூப்பிட அடிப்பது. அதற்கென்று முறை உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும், கற்பூரம் ஏற்ற வேண்டும், எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட வேண்டும், அதன் பிறகுதான் குச்சியை எடுக்க வேண்டும். சாமி முன்னால் மட்டும்தான். கல்யாண வீட்டில் கிடையாது, பிறந்தநாளில் கிடையாது, படம் பிடிக்கவும் கூடாது. குழுவில் அப்பாவுக்கு அடுத்தபடியாக இருந்தவர் ஒரு தாடிக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் ஒருமுறை ஆர்வக்கோளாறில் அந்தக் கொட்டைக் கைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டார். அப்பா எல்லார் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்து, சாமி முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்க வைத்தார். குடும்பஸ்தர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அன்றைக்கு அவர் எழுந்து நின்று அப்பாவைப் பார்த்த பார்வையை அம்மா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார்.

நான் வேலை பார்ப்பது மின்தூக்கி பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் அந்தப் பக்கம் பேசுகிற குரல் என்னுடையது. கத்துவார்கள், அழுவார்கள், என் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார்கள். நானும் சளைக்காமல் கொடுப்பேன், அதற்காக மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன். அழைப்பு வராத நேரத்தில் வானொலி. அப்படித்தான் அந்த நிகழ்ச்சி சிக்கியது. சனிக்கிழமை சாயங்காலம், எந்தக் கம்பெனியும் கைகொடுக்காத பேண்டுகளின் பாட்டுகளை ஒரு சீனப் பெண்மணி தேடித் தேடிப் போடுவார். ஒரு பாட்டு பத்து நிமிடம் ஓடும், பன்னிரண்டு நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும், ஐந்தாகும், ஏழாகும். மலைநாட்டுத் துருத்தி வாத்தியத்தை மின்கிட்டாரோடு மோத விடுவார்கள், பாலைவனத்துப் பாட்டைப் பியானோவோடு கட்டிப் போடுவார்கள். ப்ராக் ராக் என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். இதற்குள் உறுமி போகும். அடேயப்பா, எப்படிப் போகும்!

அந்த வெறியில் சேர்ந்த எங்கள் பேண்டில் மூன்று பேர். கிட்டார்காரன் பூன் லேயில் இருந்தான், கத்தோலிக்கக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயப் பாடகர் குழுவில் சாதுவாக வாசித்துவிட்டு மத்தியானம் எங்களோடு பேயாட்டம் ஆடுவான். டிரம்ஸ்காரன் சீனன், பள்ளியில் கணக்கு வாத்தியார், தாளத்தையும் கணக்குப் போட்டுத்தான் அடிப்பான். மூன்றாவது நான். ஜொகூரில் ஓர் உறுமி வாங்கி அதைக் கிட்டார்காரன் வீட்டிலேயே வைத்திருந்தேன். நான் பேண்டில் பாடுகிறேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கிட்டார் கும்பலோட எப்பப் பாத்தாலும் என்ன வேல?" என்பார். அதற்கு மேல் கேட்க மாட்டார்.

எங்களுடைய பாட்டு ஒன்று அழைப்புக் கொட்டோடு ஆரம்பிக்கும். கொட்டு அப்பாவுடையது, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் அவருடையது எட்டடிச் சுற்றில் ஓடும், நேராக, காவடி எடுப்பவர் கால் வைக்கத் தோதாக. நான் அதில் ஒன்றைப் பிடுங்கி ஏழில் மடக்கினேன். கடைசி அடி விழவேண்டிய இடத்தில் விழாது, உறுமலே அடுத்த சுற்றை இழுத்துக்கொண்டு போய்விடும். கேட்பவனுக்கு மாடிப்படியில் ஒரு படி குறைந்ததுபோல் இருக்கும். அதைச் சரிக்கட்ட எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. விரல் தோல் உரிந்து, காய்த்து, திரும்ப உரிந்தது.

அந்தப் பெண்மணி எங்களை நேரலையில் வாசிக்கக் கூப்பிட்டபோது மூன்று பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, பாட்டை ஒன்பது நிமிடத்துக்குள் அடக்க வேண்டும். அங்கேதான் வந்தது வினை. வாடகை ஸ்டூடியோவில் உட்கார்ந்து எதை வெட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். டிரம்ஸ்காரன் அலட்டிக்கொள்ளாமல், "உறுமி முன்னுரையை எடுத்துடலாம், அது இல்லாமலே பாட்டு நிக்கும்," என்று ஆங்கிலத்தில் சொன்னான். நான் கையிலிருந்த நேர்க்குச்சியை எறிந்தேன். குறி பார்த்தெல்லாம் எறியவில்லை, ஆனால் வாயில் பட்டது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் சும்மா இருப்பானா? சிம்பலைத் தாங்கும் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிட்டார்காரன் நடுவில் பாய்ந்தான். பாவம், அந்தக் கம்பி அவன் தோளில்தான் இறங்கியது. "மாதாவே!" என்று அவன் அலறிய அலறலில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடி வந்து கதவைத் தட்டினார்கள்.

பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து ஐஸ் கட்டியைப் பங்கு போட்டுக்கொண்டோம். டிரம்ஸ்காரன் வீங்கிய உதட்டோடு, "சரி, கிட்டார் தனி வாசிப்பை வெட்டுவோம்," என்றான். கிட்டார்காரன் தோளைப் பிடித்துக்கொண்டே, "அடியும் வாங்கிட்டு சோலோவும் போச்சா?" என்றான். சிரித்துவிட்டோம். முன்னுரை நின்றது. எனக்கு அது நின்றே ஆகவேண்டும். அந்தக் கொட்டு என் கையிலிருந்து வந்து அப்பா காதில் விழவேண்டும், இது என் மகள் என்று அந்த மனுஷன் வாயால் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் மட்டும், "சனிக்கிழமை எப்படியாவது அப்பாவக் கேக்க வைங்கம்மா," என்றேன்.

நிலையத்தில் கற்பூரம் ஏற்ற முடியாது, ஏற்றினால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று சொல்லிவிட்டார்கள். செருப்பை மட்டும் கழற்றினேன். "கால் சில்லிடாதா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். பழக்கம் என்றேன். நல்ல மனுஷி, எங்களைவிட அவருக்குத்தான் பதற்றம் அதிகமாக இருந்தது. அடையாள அட்டையில் உள்ளபடி எங்கள் பெயர்களைக் கிட்டார்காரன் முன்கூட்டியே அனுப்பியிருந்தான். என் பெயர், அதற்குப் பின்னால் இன்னாரின் மகள் என்று அப்பா பெயர். என் பெயர் நீளம், அந்தப் பெண்மணியின் நாக்கில் சிக்கியிருக்கும். கடைசியில் இருந்த சின்னப் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, உறுமி வாசிப்பது இவர் என்று அப்பா பெயரைக் காற்றில் விட்டார். அப்பா பெயர் மட்டும். திருத்த வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் அறையில் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது, ஆரம்பிக்க வேண்டியதே நான்தான். அடித்தேன்.

அப்படி நான் அதற்கு முன்னால் அடித்ததில்லை. சும்மா சொல்லக்கூடாது, மற்ற இரண்டு பேரும் அப்படித்தான். முடிந்ததும் அந்தப் பெண்மணி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கை தட்டினார். பெயர் விஷயம் எனக்கு அப்போது பெரிதாகவே படவில்லை. அவசரத்துக்கு நடந்த தப்பு, அப்பா கேட்டால் சிரிப்பார் என்றுகூட நினைத்தேன்.

அப்பா கேட்கவில்லை. அம்மா வானொலியைப் போடப் போனபோது ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாராம். ஆனால் வேறு யாரோ கேட்டிருக்கிறார்கள். அறிமுகமும் முன்னுரையும் வருகிற துண்டைப் பதிவு செய்து உறுமிக்காரர்களின் கைபேசிக் குழு ஒன்றுக்கு அனுப்ப, அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தேக்காவில் காய்கறி வாங்கப் போன அம்மாவின் கைபேசிக்கே அது வந்துவிட்டது. அப்பா பெயர், அப்பாவின் கொட்டு, பின்னால் மின்கிட்டார். அம்மா உடனே என்னைக் கைபேசியில் கூப்பிட்டார். "தாடிக்காரன் எல்லாரையும் செட்டுக்கு வரச் சொல்லியிருக்கான். அப்பா போயிட்டாரு. அடிதடி ஆகப்போகுது, நீ போ லா!"

செட் என்று அவர்கள் சொல்வது ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிடங்கு. மேளங்களை அங்கேதான் வைத்திருப்பார்கள், பழகுவதும் அங்கேதான். நான் டாக்ஸியில் போய் இறங்கியபோது இரும்புக் கதவு இடுப்பு உயரத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே என் உறுமி கேட்டது. ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கையைக் கதவில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

பாட்டு நின்றது. தாடிக்காரர் குரல் கேட்டது. "இது யாருண்ணே?"

அப்பா, "திரும்பப் போடு," என்றார். திரும்பப் போட்டார்கள். அப்பா என்னைக் கேட்கிறார்! கதவோடு காதை ஒட்டி வைத்தேன். இப்போது சொல்வார், இது நானில்லை, என் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதுதான் என்று சொல்வார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் கொட்டு அவர் கூட்டத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது, கூட்டத்தில் எவனுக்கும் ஏழு வராது.

"நான்தான்," என்றார் அப்பா.

"நீங்களா?"

"பேரு சொல்றாங்க இல்ல? காது கேக்கலையா உனக்கு?"

"செருப்போடயா அடிச்சீங்க?"

"வெறுங்கால்." இதை எப்படிச் சொன்னார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சரியாகச் சொன்னார்.

"கற்பூரம்?"

தாடிக்காரர் குரல் உயர்ந்தது. "என்னைய அறைஞ்சே. எம் புள்ளைங்க பாக்க சாமி கால்ல விழ வெச்சே. இப்ப நீ வெள்ளக்காரன் பாட்டுக்கு சாமியக் கூப்பிட்டு வித்துட்டு வந்திருக்கே. எங்க, அடிச்சுக் காட்டு. ரேடியோவுல அடிச்ச மாதிரியே இப்ப அடிச்சுக் காட்டு பாப்போம்!"

அப்பாவால் அதை அடிக்க முடியாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குனிந்து உள்ளே பார்த்தேன். தாடிக்காரர் உறுமியை நீட்டிக்கொண்டு நின்றார். அப்பா அதை வாங்கவில்லை. "உனக்கு நான் அடிச்சுக் காட்டணுமாடா?" என்று தாடிக்காரர் வாயிலேயே ஒரு குத்து விட்டார். எங்கள் பரம்பரையே அப்படித்தான், பதில் இல்லாவிட்டால் கை நீளும்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலி பறந்தது. தாடிக்காரர் அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்து மேளம் அடுக்கிய இரும்பு அலமாரியில் மோதினார். புருவம் பிளந்தது. அப்பா முழங்காலால் அவர் வயிற்றில் ஏற்றினார். ஒருவர் பின்னாலிருந்து அப்பாவின் கையை முறுக்க, இன்னொருவர் விலாவில் உதைத்தார். அப்பாவிடம் குச்சி பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள்தான் எல்லாரும். எலும்பில் விழும் உதைக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு, அது எனக்கு மறக்காது. அப்பா கீழே விழுந்தார், எழுந்தார், திரும்ப விழுந்தார். வாயெல்லாம் ரத்தம். "நான்தான்டா அடிச்சேன், என் கொட்டு, நான் எங்க வேணா அடிப்பேன்!" என்று தரையில் கிடந்தபடி கத்தினார்.

நான் கதவுக்கு அடியில் புகுந்து உள்ளே ஓடினேன். கைக்கு அகப்பட்ட மடக்கு நாற்காலியைத் தூக்கி, உதைத்துக்கொண்டிருந்தவர் முதுகில் வீசினேன். அவர் "அம்மா!" என்று அலறி உட்கார்ந்தார். "அடிச்சது நான்!" என்று கத்தினேன். "அவரு இல்ல! ரேடியோவுல அடிச்சது நான்!"

ஒரு நொடி எல்லாரும் நின்றார்கள். பிறகு ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது. ரத்தம் ஒழுகும் வாயோடு தாடிக்காரரும் சிரித்தார். "அப்பாவக் காப்பாத்த வந்திருக்கியா பாப்பா? நல்ல புள்ள. வெளிய நில்லு."

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "வாய மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ," என்றார்.

அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதுதான் உடம்பு முழுக்கப் பற்றி எரிந்தது. செருப்பை உதறினேன். அலமாரி ஓரத்தில் விழுந்து கிடந்த உறுமியை எடுத்தேன். அது அப்பாவுடையது, முந்தின நாள் ஒத்திகைக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்தது, சிவப்புத் துணி போர்த்தியது, பதின்மூன்று வயதில் நான் தொட்டது. பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு குச்சிகளைத் தரையிலிருந்து பொறுக்கினேன். யாரோ, "ஏய், தொடாத!" என்றார்கள். தேய்த்தேன்.

முதல் சுற்று முடிவதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழாவதில் மடக்கியதும் ஒருவர் தன்னையறியாமல் காலை முன்னே வைத்து, இடம் தவறி, தடுமாறினார். தாடிக்காரர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். அவருக்குக் காது உண்டு, சும்மா அப்பாவுக்கு அடுத்த இடத்தில் இருந்திருக்க மாட்டார். அவர் வாய் மெல்லத் திறந்தது. கண் என் வலது மணிக்கட்டில் நின்றது. இன்னும் ஒரு சுற்று போதும், எவனும் வாயைத் திறக்க முடியாது. இரண்டாவது சுற்றில் பாதி போயிருப்பேன்.

அப்பா எழுந்து வந்தது எனக்குத் தெரியவில்லை. சாமி மாடத்தில் எலுமிச்சம்பழம் வெட்ட வைத்திருந்த கத்தி அவர் கையில் இருந்தது. என் கைக்கும் தோலுக்கும் நடுவில் அதைச் செருகினார். இழுத்தார். தோல் கிழிந்த சத்தம் உறுமலைவிடப் பெரிதாகக் கேட்டது. கத்தி நிற்காமல் வந்து என் முன்கையையும் கிழித்துக்கொண்டு போனது. உறுமியின் உள்ளே என் ரத்தம் சொட்டுவதைப் பார்த்தேன். அப்பா கத்தியைக் கீழே போடவில்லை.

"இவளுக்கு இது வராது," என்றார் எல்லாரையும் பார்த்து. "ரேடியோவுல அடிச்சது நான்."

தாடிக்காரர் கிழிந்த உறுமியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிண்ணே, நீங்கதான்," என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்குச் சத்தியமாகத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. "இனிமே நீங்க இங்க வரவேணாம்," என்று மட்டும் சொன்னார்.

டாக்ஸி ஓட்டுநர் எங்களைப் பார்த்துவிட்டு இருக்கையில் செய்தித்தாளை விரித்துப்போட்டார். அப்பா தன் சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பனியனோடு உட்கார்ந்திருந்தார். புருவத்திலிருந்து ரத்தம் வழிந்து தாடையில் சொட்டியதை அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை.

"யாரு சொல்லிக்கொடுத்தா?" என்றார்.

"நீங்கதான்."

"நான் சொல்லிக்கொடுக்கல."

"கொடுக்கலதான்."

கொஞ்ச தூரம் போனதும், "அவனுங்க நம்பியிருந்தா உன்ன என்ன பண்ணியிருப்பானுங்க தெரியுமா?" என்றார்.

"நம்பணும்னுதானே அடிச்சேன்!" என்று கத்தினேன். ஓட்டுநர் திடுக்கிட்டுப் பிரேக் போட்டார். "உங்களுக்காக அடிச்சேன். நீங்க கேக்கணும்னு அடிச்சேன். எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கப்பா!" மூக்கு ஒழுக, ரத்தம் ஒழுக, சின்னப் பிள்ளைபோல் அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவர் என் கையை இன்னும் இறுக்கினார். மருத்துவமனை வரும்வரை சன்னலுக்கு வெளியேதான் பார்த்தார்.

தையல் போட்டார்கள். எப்படி நடந்தது என்று மருத்துவர் கேட்டார். "நான்தான் வெட்டினேன்," என்றார் அப்பா. போலீஸ் வந்தது. நான் புகார் கொடுக்க மாட்டேன் என்று சொன்னேன். அவர்கள் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அம்மா ஒரு மாதம் அப்பாவோடு பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பெண்மணி நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்டு, என் முழுப் பெயரையும் தப்பில்லாமல் சொன்னார். வீட்டில் பழகியிருப்பார்போல. ஆனால் அதை யார் கேட்டார்கள்? குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது பழைய துண்டுதான். அதில் இருந்தது அப்பா பெயர்தான். கிட்டார்காரன் கோபத்தில் எல்லாருக்கும் திருத்தி எழுதிப் பார்த்தான். மகள் பேர வெச்சு அப்பன் பாவத்த மறைக்கிறாங்க என்று ஒருவர் பதில் போட, அவனும் விட்டுவிட்டான். என் கையில் கட்டுப் பிரிந்ததும் மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு விரல் முன்பு மாதிரி மடங்குவதில்லை, குச்சியை வேறு மாதிரி பிடித்துக்கொள்கிறேன். டிரம்ஸ்காரன் அதற்காகக் கணக்கை மாற்றிக்கொடுத்தான். அப்பா வேலைக்குப் போவார், வருவார், தொலைக்காட்சி பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் தட்டுவதை விட்டுவிட்டார்.

போன மாதம் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் சொந்தக்காரர் கல்யாணம். அப்பாவும் அம்மாவும் நானும் ஒரே மேசை. வேறொரு குழுவில் உறுமி அடிக்கும் இளைஞன் ஒருவன் அப்பாவை அடையாளம் கண்டுகொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கண்ணில் அப்படி ஒரு பக்தி. "அங்கிள், ரேடியோவுல அடிச்சீங்களே, நாங்க எல்லாம் ட்ரை பண்ணிப் பாத்துட்டோம், ஒருத்தனுக்கும் வரல. அந்தக் கொட்ட ஏழுல எப்படி மடக்குனீங்க? ஹவ் ஆ, அங்கிள்?"

என் கையில் பிரியாணிக் கரண்டி. அம்மா மேசைக்கடியில் என் தொடையை அழுத்திப் பிடித்தார். நான் அப்பாவையே பார்த்தேன். இப்போது அடிக்க யாரும் இல்லை. சுற்றிலும் பட்டுப்புடவை, குழந்தைகள், மைக்கில் ஒருவர் மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரிடமிருந்தும் என்னைக் காப்பாற்ற வேண்டியதில்லை. ஒரு வார்த்தை போதும்.

அப்பா தட்டிலிருந்து ஓர் அப்பளத்தை எடுத்து உடைத்தார். அவர் முகம் பிரகாசமாக இருந்தது. பல மாதங்களாக அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"அது ஏதோ அன்னைக்கு அமைஞ்சிருச்சு லா, தம்பி," என்றார்.